வற்றும் ஏரியின் விரால்

நுழையும்முன்

சில மாதங்கள் நிறைந்தும் சில மாதங்கள் வறண்டும் கிடப்பது தமிழகத்து ஏரிகளின் இயல்பு. நீரில்லாத காலத்தில் ஏரி மீன்கள் எங்கே போகின்றன? மழை பெய்து ஏரி நிறைந்ததும் அவை எங்கிருந்து வருகின்றன? மழையோடு வானிலிருந்து விழுந்தவை என்று நம்பியவர்களும் உண்டு. கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள ஏரிகளில் வாழும் விரால் மீனைப் பின்தொடர்ந்து சென்று இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஏரியின் ஆண்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையில் பிறந்து கிழக்கு நோக்கி இறங்குகின்றன. கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையும், சூளாங்குறிச்சிக்கு அருகே மணிமுக்தா அணையும் அந்நீரைத் தேக்குகின்றன. அர்த்தநாரீஸ்வரர் கோயிலால் பெயர்பெற்ற ரிஷிவந்தியம், மலைக்குக் கிழக்கே விரியும் சமவெளியில் அமைந்த ஊர். இவ்வட்டாரத்து உழவு ஆற்றுநீரை மட்டும் நம்பியதன்று. மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது வரத்து வாய்க்கால்கள் செந்நீரைக் கொண்டுவந்து ஏரியில் சேர்க்கின்றன. நல்ல மழையாண்டில் ஏரி நிறைந்து கலிங்கு வழிகிறது; வழிந்த நீர் அடுத்த ஊரின் ஏரிக்குப் போகிறது. தையிலும் மாசியிலும் மதகு வழியே வயலுக்கு நீர் பாய்கிறது. பங்குனியில் எஞ்சுவது கரையை ஒட்டிய பள்ளத்துக் கலங்கல் நீர் மட்டுமே. சித்திரையிலும் வைகாசியிலும் ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் ஆடுகள் மேயும். சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடுவார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரி நிறைவதே இல்லை.

ஆற்று மீனுக்கு நீர் குறைந்தால் ஆழமான மடுவைத் தேடிச் செல்ல வழியுண்டு. ஏரி மீனுக்கு அவ்வழி இல்லை. நான்கு புறமும் கரையும் மேடும் அதை அடைத்து நிற்கின்றன. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் வற்றும் ஏரியில் பிடிபடுகின்றன, அல்லது மடிகின்றன. எனவேதான் அவற்றின் குஞ்சுகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொண்டுவந்து விட வேண்டியிருக்கிறது. விராலை ஏரியில் ஒருவரும் கொண்டுவந்து விட்டதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது ஏரியோடு கூடவே இருந்து வந்த மீன்.

பெயரும் உருவமும்

பழந்தமிழ் நூல்களில் இம்மீனின் பெயர் வரால். வயலும் வயல் சார்ந்த நிலமுமாகிய மருதத்தைப் பாடும் சங்கப் பாடல்களில் வரால் இடம்பெறுகிறது. இன்றைய பேச்சில் அது விரால். சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறுவோரைப் பற்றிப் பேசும்போது, அயிரையை விட்டு விராலைப் பிடிக்கிறார் என்பது வழக்கு. இரண்டு மீன்களையும் கண்டறியாதவர்கள்கூட இவ்வழக்கைக் கையாள்கிறார்கள். ஆயினும் அதனுள் ஓர் உயிரியல் உண்மை பொதிந்திருக்கிறது: விரால் உயிருள்ள இரையை விழுங்கும் மீன். அயிரையைத் தூண்டிலில் கோத்து விட்டால் அது வந்து கவ்வும்.

அறிவியல் இதற்கு இட்ட பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலீசர் பிளாக் 1793இல் இதனை விவரித்தார். உடலின் பக்கங்களில் காணப்படும் கருங்கோடுகளே பெயரின் பிற்பகுதிக்குக் காரணம். அவர் இவ்வினத்தைச் சேர்த்து வைத்த தொகுதிக்கு முதலில் சூட்டிய பெயரின் பொருள் 'பாம்புத் தலை' என்பதாகும். மேற்புறம் தட்டையாக, பெரிய செதில்கள் போர்த்து, அகன்ற வாயோடு நீளும் அத்தலையைப் பார்த்தவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

முதுகு கரும்பழுப்பு, வயிறு வெண்மை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நீண்டவை. அவற்றில் முட்கள் இல்லை. அரை மீட்டர் நீளமுள்ள விராலைக் காண்பது அரிதன்று. ஒரு மீட்டர் வரை வளர்ந்தவையும் பதிவாகியுள்ளன. இதன் உறவினங்களுள் பூவிரால் இதனினும் பெரிது, குறவை சிறிது. விரால் இல்லாத ஏரியில் குறவை அதிகாரம் செய்யும் என்று ஊர்வழக்கு இருப்பது இந்த உறவை அறிந்துதான்.

விரால் துரத்தி வேட்டையாடும் மீனன்று. பாசியும் கோரையும் மண்டிய ஓரநீரில் அசையாமல் நிற்கும். இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் வாயைச் சட்டென்று விரிக்கும். நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படும். குஞ்சுப் பருவத்தில் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் இதற்கு உணவு. வளர்ந்தபின் சிறுமீன், தவளை, தலைப்பிரட்டை, இறால், மண்புழு என எதையும் விடுவதில்லை. தன் இனத்துச் சிறியவற்றையும் தின்னும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நீர்நிலைகள் எங்கும் பெருகிய ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளைத் தின்று, அதன் பெருக்கத்தை ஓரளவு கட்டுப்படுத்துவதும் விராலே.

இருவகை மூச்சு

கோடைக்காலத்து ஏரிநீரில் மீனுக்கு முதலில் குறைவது நீரன்று, மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் உயிர்வளி இருக்கிறது. 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள நன்னீர், தன்னால் இயன்ற அளவெல்லாம் கரைத்து வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டருக்கு 6 மில்லிலிட்டரை எட்டாது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியைத் தந்த பாசி, இரவில் அதைத் தானே எடுத்துக்கொள்கிறது. அழுகும் இலைதழையும் சேறும் தம் பங்குக்கு உறிஞ்சுகின்றன. ஆதலால் விடியலுக்குச் சற்று முன்புதான் ஏரிநீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். வற்றும் ஏரியில் ஒரு காலை கெண்டைகள் கூட்டமாகச் செத்து மிதக்கக் கண்டால், நீரில் எவரோ நஞ்சு கலந்தனர் என்ற ஐயம் ஊரில் எழுவது இயல்பு. பல நேரங்களில் அவை மூச்சுத் திணறி இறந்தவையாக இருக்கும்.

அதே நீரில் விரால் பிழைத்திருக்கும். அதன் செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறமும் ஒவ்வோர் அறை உள்ளது. அறைகளின் உட்புறம் மடிப்பு மடிப்பாக அமைந்து, நுண்ணிய குருதிக்குழாய்கள் நிறைந்திருக்கிறது. விரால் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி இவ்வறைகளில் நிரப்பிக்கொள்கிறது. குருதி அங்கேயே உயிர்வளியைப் பெறுகிறது. சில நிமிடங்களுக்கொரு முறை நிகழும் இச்செயலைக் கரையிலிருந்து பார்ப்பவர்க்கு நீரில் ஒரு சிறு சுழிப்பு மட்டுமே தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. காற்றை நம்பி வாழும் விராலின் செவுள்கள் அதன் முழுத் தேவைக்கும் போதுமானவையல்ல. நீர்மட்டத்துக்கு வர இயலாதபடி வலையிட்டுத் தடுத்தால், தெளிந்த நீரிலும் விரால் மூச்சடைத்து இறந்துபோகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பது கேட்பதற்கு நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். விராலைப் பொறுத்தவரை அது உண்மை. காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். வரும்போதெல்லாம் தன் இருப்பிடத்தைக் காட்டியே ஆகவேண்டும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கொக்கும் காத்திருப்பது அந்நொடிக்காகத்தான். தூண்டிற்காரரும் அவ்வாறே.

தெரிந்து தெளிவோம்

காற்றைச் சுவாசிக்கும் மற்றொரு தமிழக மீன் பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், அங்குப் பணியாற்றிய டால்டார்ஃப் என்பவர், ஒரு பனைமரத்தின் பட்டைப் பிளவில் இம்மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாகத் தெரிவித்தார். அவருடைய குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மீன் தானே மரமேறியதா, பறவை கொண்டுபோய் விட்டதா என்று பின்வந்த அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். இம்மீன் செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகரும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சேற்றுக்குள் ஒரு கோடை

பள்ளத்து நீரும் வற்றத் தொடங்கும்போது விரால் சேற்றைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. வெயில் பட்டு மேலடுக்கு காய்ந்து வெடித்தாலும் கீழே ஈரம் நிற்கிறது. உடலில் சுரக்கும் வழுவழுப்பான கோழை தோல் உலராமல் காக்கிறது. வெடிப்பின் வழியே வரும் காற்று மூச்சுக்குப் போதும். மழைக்காலத்தில் உண்டு சேர்த்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, அசைவைக் குறைத்துக்கொண்டு அது கிடக்கிறது. தோலும் மூச்சறையும் ஈரமாக இருக்கும் வரையில் வாரங்களை, ஏன் மாதங்களையும், இவ்வாறு கடத்த அதனால் இயலும். சேறு முழுவதும் உலர்ந்து கல்லானால் அதனாலும் தாங்க இயலாது. ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன் கோழையால் ஓர் உறையே அமைத்துக்கொண்டு உறங்கும். விராலுக்கு அத்தகைய உறை இல்லை.

வற்றிய குளத்தில் மண்ணை வெட்டி மீன் எடுப்பதென்பது கட்டுக்கதையன்று. இலங்கையில் ஆங்கில ஆட்சியின் உயர் அலுவலராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கையின் உயிரியல் நூலில் இதனைக் குறித்திருக்கிறார். திருகோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாற்றுப் பகுதியில், நீர் வற்றிய குளத்தின் களிமண்ணை ஊர்மக்கள் பாளமாகப் பெயர்த்து அதனுள்ளிருந்து மீன்களை எடுத்ததை ஓர் அதிகாரி நேரில் கண்டு அவருக்குத் தெரிவித்தார். வானிலிருந்து விழுந்ததாக நம்பப்பட்ட மீன்களிற் பல எங்கிருந்து வந்தன என்பதற்கு இது போதிய சான்று.

சேற்றில் இறங்குவது ஒரு வழி. வெளியேறுவது மற்றொரு வழி. ஈரம் நிறைந்த இரவுகளில், மழை பெய்து நிலம் நனைந்திருக்கும்போது, விரால் மார்புத் துடுப்புகளை ஊன்றி உடலை வளைத்து வளைத்துத் தரையில் நகர்கிறது. ஒரு குட்டையிலிருந்து மற்றொரு குட்டைக்கும், வயலிலிருந்து வாய்க்காலுக்கும் இவ்வாறு அது கடக்கும். தொலைதூரப் பயணத்துக்குரிய உடலமைப்பன்று அது. வரப்பைக் கடக்கப் போதும்.

கோரைப் புதருள் ஒரு கூடு

முதல் மழைக்குப் பின் ஏரி மீண்டும் விரிகிறது. புதுநீர் சூழ்ந்த ஓரங்களில் கோரையும் புல்லும் நீருக்குள் நிற்கின்றன. இணைசேர்ந்த விரால்கள் அத்தகைய ஆழமற்ற இடத்தில் தழைகளை விலக்கி, வட்டமான ஒரு சிறு வெளியை அமைக்கின்றன. அதுவே கூடு. அங்கே இடப்படும் சில ஆயிரம் முட்டைகள் எண்ணெய்த்துளி கொண்டவையாதலின் நீரின்மேல் மிதக்கின்றன. தேன் நிறத்தில் படலமாகத் தெரிகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாளிலேயே அவை பொரிந்துவிடுகின்றன.

முட்டையிட்டதும் விலகிச் சென்றுவிடுவது பெரும்பாலான மீன்களின் வழக்கம். இலட்சக்கணக்கில் முட்டையிடும் கெண்டைக்கு அது பொருந்தும். சில ஆயிரம் மட்டுமே இடும் விரால் வேறு வழியைக் கொண்டது: அது காவல் இருக்கிறது. முட்டைகளின் அடியிலும், பொரிந்தபின் குஞ்சுகளின் அடியிலும் பெற்றோர், பெரும்பாலும் ஆண்மீன், விலகாமல் சுற்றிவருகிறது. குஞ்சுகள் செம்மஞ்சள் நிறம் கொண்டவை. நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து ஒரே உருண்டைபோல் நீந்துகின்றன. மூச்சறை வளர்ந்து காற்றை விழுங்கத் தொடங்கியதும், கூட்டம் முழுவதும் மாறி மாறி மேலே வந்து போகும். மழை இல்லாத நேரத்திலும் அவ்விடத்து நீர்மட்டத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருக்கும்.

அச்செந்நிறப் பரப்பை நெருங்கும் எதையும் தாய்தந்தையர் விட்டுவைப்பதில்லை. தவளையோ, தண்ணீர்ப்பாம்போ, மற்றொரு மீனோ எதுவாயினும் பாய்ந்து தாக்குகின்றன. ஏறத்தாழ ஒரு மாதம் இக்காவல் நீடிக்கிறது. குஞ்சுகள் விரல் நீளத்துக்கு அருகே வளர்ந்து நிறம் மாறிச் சிதறியபின், பெற்றோருக்கு அவை பிள்ளைகள் அல்ல, இரைகள். அதன்பின் எதிர்ப்பட்டால் விழுங்கவும் தயங்குவதில்லை. மனித உறவுகளின் அளவுகோலைக் கொண்டு இதனை அளப்பது வீண்.

பிடிப்பவர் அறிந்த இரகசியம்

விராலைக் காக்கும் இயல்புகளே அதனைக் காட்டிக்கொடுப்பவை. குஞ்சுக் கூட்டத்தின் செந்நிறத்தைக் கண்டதும் அதன் அடியில் பெரிய மீன் நிற்கும் என்பதை ஏரியோரத்துப் பிள்ளைகளும் அறிவர். தூண்டிலில் தவளையைக் கோத்து அக்கூட்டத்தின் நடுவே ஆட்டினால் போதும். பசியில்லாவிட்டாலும் காவல் மீன் வந்து தாக்கும், தாக்கியதும் மாட்டும். ஒரே ஒரு விரால் கைக்கு வந்ததாகப் பிடித்தவர் கணக்கிடுவார். காவலற்றுப்போன குஞ்சுகளைக் குறவையும் நீர்ப்பூச்சிகளும் அடுத்த சில நாட்களில் தின்று தீர்க்கும் கணக்கு அவருக்குத் தெரிவதில்லை. மற்றக் காலங்களில் ஒரு விராலைப் பிடிப்பதும், கார்த்திகையில் குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிப்பதும் ஒன்றல்ல.

சந்தையில் விராலுக்கு நல்ல விலை. முள் குறைவு, சதை கெட்டி. மூச்சறையின் உதவியால், சிறிதளவு நீருள்ள பாத்திரத்தில் நெடுநேரம் உயிரோடு இருக்கும். வாங்குபவர் துள்ளும் மீனையே பார்த்து வாங்கலாம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அறுவை மருத்துவத்துக்குப் பின் காயம் ஆறுவதற்காக இம்மீனை உண்ணும் வழக்கம் இருக்கிறது. அதன் சாற்றைப் பற்றிய ஆய்வுகளும் அங்கு நடந்துள்ளன. தெலங்கானா இதனைத் தன் மாநில மீனாகக் கொண்டிருக்கிறது. பண்ணைகளில் வளர்க்கும் முயற்சிகளும் பெருகியுள்ளன. எனினும் கெண்டையைப்போல் விராலை எளிதில் வளர்த்துவிட முடிவதில்லை. ஒரே தொட்டியில் பெரியதும் சிறியதும் கலந்திருந்தால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கோடையில் ஏரி வற்றும்போது ஊர்கூடி மீன் பிடிப்பது பழைய வழக்கம். தென் மாவட்டங்களில் அது திருவிழாவாகவே நடக்கிறது. அடியும் நுனியும் திறந்த ஊத்தா என்னும் கூடையைக் கலங்கிய நீரில் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனை எடுப்பார்கள். கைக்கும் கூடைக்கும் தப்பிச் சேற்றுக்குள் இறங்கிய விரால்களே அடுத்த ஆண்டின் விதை. மோட்டார் வைத்துப் பள்ளத்தின் கடைசி நீரையும் இறைத்து, சேற்றைத் துழாவி எடுக்கும் பிடிப்பில் அவ்விதை மிஞ்சுவதில்லை. ஊர் பிடித்ததும் ஏரியில்தான். மோட்டார் பிடிப்பதும் ஏரியில்தான். எது எதை விட்டுவைத்தது என்பதில்தான் வேறுபாடு.

தூர் வாருவது ஏரிக்குத் தேவையான பணி. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து முறையை மீண்டும் தொடங்கியபின் பல ஏரிகள் ஆழம் பெற்றன. வண்டல் வயல்களுக்கு உரமாயிற்று. ஆழம் கூடினால் நீர் கூடுதல் நாள் நிற்கும்; அது விராலுக்கும் நன்மையே. ஆனால், தரை முழுவதையும் ஒரே மட்டமாகக் கெட்டித் தரை தெரியச் சுரண்டிவிட்டால், கோடையில் இறங்குவதற்குச் சேறு இராது. மழையில் கூடு கட்டக் கோரைப் புதரும் இராது. ஈரம் நிற்கும் ஒரு பள்ளத்தை விட்டுவைத்தால் ஏரியின் கொள்ளளவு பெரிதாகக் குறைந்துவிடப் போவதில்லை.

மற்றொரு போட்டியாளர் அயலிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை உள்ளது. எனினும் மறைவாக வளர்க்கப்படும் குட்டைகளிலிருந்து வெள்ளக் காலத்தில் அது ஏரிகளுக்குத் தப்பிவிடுகிறது. ஜிலேபிக் கெண்டையைத் தின்று சமாளித்த விராலுக்கு இது கடினமான எதிரி. காரணம், இதுவும் காற்றைச் சுவாசிக்கும்; இதுவும் ஈரத்தரையில் நகரும்; இதுவும் கிடைத்ததையெல்லாம் தின்னும்; விரைவாகப் பெருத்து வளரும். பிற மீன்கள் பிழைக்கமுடியாத நீரில் விரால் மட்டும் பெற்றிருந்த முன்னுரிமையை இது பங்குபோட்டுக்கொள்கிறது.

உலக அளவில் விரால் அழியும் நிலையில் உள்ள மீன் அன்று. பாகிஸ்தான் முதல் இந்தோனேசியா வரை அது பரவி வாழ்கிறது. ஆதலின் இழப்பு ஒவ்வோர் ஏரியாகவே நிகழ்கிறது. எந்தப் பட்டியலிலும் ஏறாமல் நிகழ்கிறது. அவ்வாறு விராலை இழந்த ஓர் ஏரி அதைத் திரும்பப் பெறுவதற்கும் வழியுண்டு. மேலுள்ள ஊரின் ஏரி நிறைந்து கலிங்கு வழியும் இரவில், வழிந்தோடும் நீரோடு சில விரால்கள் கீழே வரும். கீழ் ஏரியிலிருந்து எதிரேறி மேலே செல்வனவும் உண்டு. அதற்கு இரு ஏரிகளையும் இணைக்கும் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். குப்பை கொட்டித் தூர்க்கப்பட்ட வாய்க்காலின் மேடுவரை வந்து, நீரின்றித் திரும்பும் மீனுக்கு வரப்பைத் தாண்டத் தெரியும். சாலையைத் தாண்டத் தெரியாது.